கோன் ஃபில்டரை நம்பி ₹11,400 போனது: கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் படிக்கவும்

இதை எழுதும்போது என் விரல்களில் இன்னும் பெட்ரோல் வாடை போகவில்லை. இன்று மாலை ஈரோட்டில், எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான மெக்கானிக் என் கண்முன்னே, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்தார். பெரிய ஜெட் (பெட்ரோல் எவ்வளவு வர வேண்டும் என்று நிர்ணயிக்கும், துளையிட்ட சிறு பித்தளைத் திருகு) போட்டாயிற்று என்று சொல்லி என்னிடம் ₹1,800 வாங்கிய கடை, அந்த ஜெட்டை மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கம்பெனி ஏர் பாக்ஸை (காற்று ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) எடுத்துவிட்டு, திறந்தபடி நிற்கும் கூம்பு வடிவக் கோன் ஃபில்டரைப் போடும் வேலைக்காக நான் மொத்தமாகக் கொடுத்தது ₹11,400. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கோயம்புத்தூரில் புல்லட் வகை வண்டிகளுக்கு சைலன்சர், ஹேண்டில்பார், ஃபில்டர் ஆகியவற்றை மாற்றிக் கொடுத்து, அதை வீடியோவாகவும் போடும் கடைகளில் ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, பழைய அமைப்புக்குத் திரும்ப நினைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது 2016-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி. 346 சிசி, 19.8 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும் நிதானமான இன்ஜின். ஒன்பது ஆண்டுகளில் எண்ணெய், பிளக், செயின் தவிர நான் எதையும் தொட்டதில்லை. ஒரு குறையும் இல்லாத வண்டியை எதற்காகக் கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று என் மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஆடித் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். ₹13,500 ஆகும் வேலை ₹11,400-க்கு என்றார்கள். உரிமையாளர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். போனவுடன் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. டீ வாங்கி வரச் சொன்னார், வண்டியைச் சுற்றி வந்தார், சீட்டைத் துணியால் துடைத்தார். "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்களேங்ணா, இந்த மாதிரி வண்டியில கை வைக்கவே மனசு வராதுங்" என்றார். நான் நம்பி விழுந்தது அந்த வாக்கியத்தில்தான். கை வைக்க மனம் வராதவர் கெடுத்துவிட மாட்டார் என்று என் புத்திக்குத் தோன்றியது. கம்பெனி ஏர் பாக்ஸ் இன்ஜினின் மூச்சை அடைக்கிறது, கோன் ஃபில்டர் போட்டால் காற்று தாராளமாக வரும், அதற்கேற்ப ஜெட்டையும் பெரிதாக்கி டியூனிங் செய்துவிடலாம் என்று விளக்கினார். விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் கணக்கும் எழுதிக் காட்டினார்: ஃபில்டர் 5,600, ஜெட் 1,800, டியூனிங் 4,000. பில் கேட்டபோது, பில் போட்டால் வரி சேரும், தள்ளுபடி கிடைக்காது என்றார். ₹5,000-ஐ ஜிபேயில் அனுப்பினேன். கடையின் பெயரில் அல்ல, வேறொருவரின் பெயரில் போனது. அதைப் பார்த்த பிறகும் மீதி ₹6,400-ஐ ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். கழற்றிய ஏர் பாக்ஸைக் கேட்டதற்கு, "வீட்டுல வச்சா ரப்பர் வெடிச்சுருங்ணா, இங்க பேரு எழுதி வச்சிருக்கேன், எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம்" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது வண்டி பறப்பது போல இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏர் பாக்ஸ் காற்றை வடிகட்ட மட்டும் வைத்ததல்ல. இன்ஜின் காற்றை உறிஞ்சும் இரைச்சலை அடக்குவதும் அதன் வேலைதான். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் தொடைக்குக் கீழே ஓர் உறுமல் கேட்கும், அதை வேகம் என்று காது நம்பிவிடும். பெருந்துறை வரும்வரை நானும் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து சத்தியமங்கலம், பண்ணாரி வழியாக மலைமேல் இருக்கும் ஆசனூர் போனேன். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவு முடிந்தும் ஆக்சிலேட்டரைத் திறந்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பிறகு வண்டி வெட்டி இழுக்கும். பின்னால் சரக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு கணம் எப்படி இருக்கும் என்பது அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடினால் சைலன்சருக்குள் பட்பட்டென்று வெடித்தது. இன்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் குரோம் குழாய் நீலம் பாரித்துவிட்டது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் எரிகிறது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான அடையாளங்கள் வேண்டியதில்லை.

கடைக்கு அழைத்தேன். 500 கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிவிடும் என்றார்கள். ஓட்டினேன். மறுபடி அழைத்தபோது வேலைக்கு நிற்கும் பையன் எடுத்து, அண்ணன் வெளியூரில் இருக்கிறார் என்றான். ஆசனூரில் மட்டும் கொஞ்சம் நன்றாக ஓடியது என்று நான் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். மூன்றாவது முறை அழைத்தபோது அதையே பிடித்துக்கொண்டு, அப்படியானால் வண்டியில் குறையில்லை, கீழே நீங்கள் போடும் பெட்ரோலில்தான் குறை, எல்லாம் எத்தனால் என்றார் உரிமையாளர். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும்; பெட்ரோல் போதாமல் தவிக்கும் வண்டி மலைமேல் சற்று நன்றாக ஓடுவதற்கு அதுவே காரணம். அவர் சொன்ன எத்தனாலும் அவருக்கு எதிரான சாட்சிதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் எரிவதற்குச் சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஆகவே அதே ஜெட் வழியாக அது வரும்போது, ஏற்கெனவே பெட்ரோல் குறைந்து மெலிந்த கலவை இன்னும் மெலியும். அப்படியென்றால் ஜெட்டைப் பெரிதாக்கியிருக்க வேண்டியது இன்னும் அவசியம் அல்லவா? இதைக் கேட்டபோது, "உங்களுக்கே இவ்வளவு தெரியும்னா எங்ககிட்ட எதுக்குங்ணா வந்தீங்க" என்றார். ₹11,400 கொடுத்தவனுக்குக் கிடைத்த மரியாதை அது.

போன வாரம் பெய்த ஐப்பசி மழையில், நசியனூர் அருகே தண்ணீர் தெறித்து ஃபில்டர் நனைந்து, வண்டி இருமி நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் நின்றேன். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போய் என் ஏர் பாக்ஸைக் கேட்டேன். பரணில் தேடினார்கள், பின்கட்டில் தேடினார்கள், கடைசியில் பழைய சாமான்காரரிடம் போயிருக்கலாம் என்றார்கள். பெயர் எழுதி வைத்ததாகச் சொன்னீர்களே என்றதற்கு, ஆடியில் அறுபது வண்டி வந்தது, எத்தனைக்குப் பெயர் எழுதுவது என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பொருத்திய சாமானுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை என்றார்கள். அன்று டீ வரவில்லை.

இன்று மாலை மெக்கானிக் ஜெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் சர்வீஸுக்கு வந்து நின்ற, எதுவும் மாற்றாத இன்னொரு கிளாசிக் 350-இன் ஜெட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே எண். "இந்தப் பித்தளை வெட்டுல ஸ்க்ரூ டிரைவர் பட்ட தடமே இல்லைங் தம்பி, கம்பெனியில முறுக்கினதோட சரி" என்றார். இன்ஜினிலிருந்து ஏர் பாக்ஸுக்குப் போக வேண்டிய மூச்சுக்குழாயின் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து அடைத்திருந்தார்கள். ஒரு மாதமாக இன்ஜின் ஓரத்தில் எண்ணெய் கசிந்ததற்குக் காரணம் அதுதான் என்றார். கோன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தபோது, செம்மண் நிறத்தில் நறநறவென்று மணல் ஒட்டி வந்தது. 1,400 கிலோமீட்டர் அந்த மணல் பிஸ்டனோடு உரசியிருக்கிறது. இதற்கு என்ன விலை போடுவது?

இப்போது கழற்றுவதா, அப்படியே சரிசெய்வதா என்ற கேள்வி. நண்பர் ஒருவர், இவ்வளவு செலவழித்துவிட்டாய், சரியான ஜெட்டைப் போட்டுக்கொண்டு அப்படியே ஓட்டு என்கிறார். செலவு குறைவுதான். ஆனால் இந்த வண்டியில் இருப்பது வெற்றிட அழுத்தத்தால் தானாக ஏறி இறங்கும் சிலைடு (காற்று போகும் வழியைத் திறந்து மூடும் அடைப்பான்) கொண்ட கார்புரேட்டர். அந்தச் சிலைடு சீராக ஏறுவதற்கு, பெட்டிக்குள் அமைதியாக நிற்கும் காற்று வேண்டும். திறந்தவெளியில் பக்கவாட்டுக் காற்றும் லாரிக் காற்றும் அடிக்கும் இடத்தில், எந்த எண் ஜெட் போட்டாலும் ஏதோ ஒரு வேகத்தில் தடுமாறக்கூடும். மேலும், கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இந்த இன்ஜின் 5,250 சுற்றில் முழு மூச்சாக இழுத்தாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 லிட்டர் காற்றுதான். கம்பெனிப் பெட்டியும் காகித ஃபில்டரும் அந்தக் காற்றைக் கொடுக்கும்படிதான் செய்யப்பட்டவை. அடைபடாத மூச்சைத் திறந்துவிடத்தான் நான் ₹11,400 கொடுத்திருக்கிறேன். மழைக்கும் மணலுக்கும் ஜெட்டில் தீர்வு இல்லை. ஆகவே கழற்றுகிறேன். புதிய ஏர் பாக்ஸ், காகித ஃபில்டர், ரப்பர் குழாய், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து ₹4,300 ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். சாமான் வர ஒரு வாரமாகும். அதுவரை பேருந்து.

விரிவாக எழுதுகிறேன் என்று தொடங்கியிருந்தேன்; இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கழற்றிய கம்பெனிச் சாமானை அங்கேயே கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ரப்பர் வெடித்தாலும் பரவாயில்லை. ஜெட் மாற்றினோம் என்றால் பழைய ஜெட்டைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பிளக் வெளுத்திருந்தால் மலை ஏறாதீர்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அழைக்க வேண்டிய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது ஜிபே ரசீது ஒன்று, கணக்கு எழுதிய விசிட்டிங் கார்டு ஒன்று. நாளை அழைக்கிறேன்.

இரண்டு ஜெட்டுகளையும் அருகருகே வைத்துப் படமெடுத்து உரிமையாளருக்கு ஏழு மணிக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்துவிட்டது. மணி இப்போது பத்தே கால்.