தனியார் ஏரி, கீழே வீடுகள்: கலிங்கைப் பெரிதாக்குவதா, தண்ணீரைக் குறைப்பதா, அணையையே எடுப்பதா?

அமெரிக்காவில் படகு விடவும் மீன் பிடிக்கவும் கிளப்புகளும் குடியிருப்புச் சங்கங்களும் வைத்திருக்கும் மண் அணைகள் ஏராளம். அவற்றின் ஆபத்து வகை (குறைவு, கணிசம், அதிகம்) அணையின் உடல்நிலையைச் சொல்வதே இல்லை. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. உயிர் போகும் என்றால் 'அதிகம்'. அதனால் கரையில் ஒரு விரிசலும் இல்லாமல், கீழே நாலு வீடு வந்ததாலேயே வகை ஏறிவிடும். ஏற வேண்டியது ஏறாமலும் போகும். ஹவாயில் கா லோகோ அணை பதிவில் 'குறைந்த ஆபத்து' என்றே இருந்தது, 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேரைக் கொன்றது.

சரி, வகை ஏறிவிட்டது, உரிமையாளர் என்ன செய்யலாம்?

கலிங்கை (மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் வாயை) அகலப்படுத்தினால் ஏரி அப்படியே இருக்கும், செலவுதான் கழுத்தை நெரிக்கும். கட்டியபின் அதை அடைக்காமல் வைத்திருப்பதும் முக்கியம். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில், மீன் தப்பாமலிருக்க பணக்கார கிளப் ஒன்று கலிங்கில் வலைத்தடுப்பு வைத்தது, பாதை போட கரையின் உச்சியையும் தாழ்த்தியது. 1889 மே 31 அன்று குப்பை அடைத்து, தண்ணீர் கரைமேல் ஏறி, கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் செத்தார்கள். ஆனால் கலிங்கு மட்டும் போதும் என்றும் நம்ப முடியாது. மிச்சிகனின் ஈடன்வில் அணைக்குக் கலிங்கு போதாத பிரச்சினை இருந்தது, அதைச் சரிசெய்யாததால் 2018இல் மின் உற்பத்தி உரிமமே பறிபோனது, ஆனால் 2020 மே மாதம் அது உடைந்தது தண்ணீர் மேலேறி வழிந்ததால் அல்ல, கரைக்குள் இருந்த தளர்ந்த மணல் திடீரென வலுவிழந்ததால். அதனால் கரையின் மண்ணையும் துளையிட்டுப் பார்க்காமல் கலிங்குக்கு மட்டும் பணம் கொட்டுவது பாதி வேலைதான்.

நீர்மட்டத்தைக் குறைப்பது மலிவு, வேகம், இன்றே தொடங்கலாம், அதற்கு அடிமதகு வேலை செய்ய வேண்டும். சவுத் ஃபோர்க்கில் வெளியேற்றும் குழாய்களைக் கழற்றி முன்பே விற்றுவிட்டார்கள், ஏரியை இறக்க வழியே இல்லை. பெருமழையில் சின்ன மதகு போதாமல் ஏரி மறுபடி நிரம்பிவிடும் என்பதால், இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் பார்க்கிறேன். கரையையும் கலிங்கையும் நிரந்தரமாகத் தாழ்த்திக் கொள்ளளவைக் குறைத்தால் மட்டும் வகை இறங்க வாய்ப்புண்டு.

அணையை வெட்டி எடுப்பதில் சேறு, அனுமதி, ஏரிக்கரை வீடுகளின் விலைச் சரிவு எல்லாம் வரும். ஆனாலும் ஆபத்தை முழுசாக முடிப்பது இது ஒன்றுதான்.

என் முடிவு: நீர்மட்டத்தை உடனே இறக்குங்கள், பொறியாளரை வைத்து, அணை உடைந்தால் தண்ணீர் எதுவரை பாயும் என்று காட்டும் வெள்ளப் பரப்பு வரைபடம் எடுங்கள், அப்புறம் சங்கத்திடம் காசு கேளுங்கள். கலிங்குக்கும் கரைக்கும் அதன் பின்னான பராமரிப்புக்கும் பணம் சேரவில்லை என்றால் அணையை எடுத்துவிடுங்கள். ஜார்ஜியாவின் கெல்லி பார்ன்ஸ் அணை மின்சாரம் தருவதை நிறுத்தி வெறும் பொழுதுபோக்கு ஏரியாக நின்ற காலத்தில்தான், 1977 நவம்பர் 6 அதிகாலை உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 39 பேரைக் கொண்டுபோனது.