முதல் நாளே வாங்கலாமா, விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? கேம் கன்சோல்கள் – ஒப்பீட்டு அலசல்

1995 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல் முறையாக நடந்தது. சேகா நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடையில் சாட்டர்ன் கன்சோலை அறிமுகப்படுத்தி, விலை 399 டாலர், சில கடைகளுக்கு இப்போதே போய்க்கொண்டிருக்கிறது என்றார். அதே நாளில் சோனியின் முறை. அதன் அமெரிக்கக் கேம் பிரிவுத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிளேஸ்டேஷன் கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் 1 கோடியைத் தொடவே இல்லை.

இந்தக் கதையைச் சொல்லித்தான் பலரும் ‘விலை ஏறினால் யாரும் வாங்க மாட்டார்கள்’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சாட்டர்ன் சரிந்ததற்கு விலை ஒரு காரணம்தான். முன்னறிவிப்பே இல்லாமல் சில கடைகளுக்கு மட்டும் கொடுத்ததில் கோபமடைந்த கேபி டாய்ஸ் என்ற பொம்மைக் கடைச் சங்கிலி, சேகா பொருட்களையே விற்க மாட்டோம் என்று ஒதுக்கியது. முதல் மாதங்களில் விளையாடக் கேம்களும் போதவில்லை. என் கணிப்பு இது: கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பது கையில் எடுத்ததும் தெரிந்தால் மக்கள் கொடுப்பார்கள். அதே வேலையைப் பக்கத்து அலமாரிப் பொருள் குறைந்த விலையில் செய்தால் கொடுக்க மாட்டார்கள்.

இதற்கு 2006 நவம்பரைவிட நல்ல சோதனைக்களம் கிடையாது. அமெரிக்காவில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு கன்சோல்கள் வந்தன. பிளேஸ்டேஷன் 3, 20 ஜிபி 499 டாலர், 60 ஜிபி 599 டாலர். நின்டெண்டோ வீ 249.99 டாலர், வீ ஸ்போர்ட்ஸ் கேம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஓராண்டுக்கு முன்பே வந்திருந்த மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, 299க்கும் 399க்கும் கிடைத்துக்கொண்டிருந்தது.

சோனி ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிளேஸ்டேஷன் 3ஐப் பிரித்து, பாகம் பாகமாகக் கணக்குப் போட்டது. 60 ஜிபி பெட்டியைச் செய்யும் செலவு மட்டும் சுமார் 840 டாலர். அதாவது ஒவ்வொரு பெட்டியிலும் சோனி 200 டாலருக்கு மேல் கைப்பணம் போட்டது. அந்தப் பெட்டிக்குள்ளேயே, துல்லியமான படம் தரும் வட்டுகளை ஓட்டும் ப்ளூ-ரே பிளேயரும் இருந்தது. அதைத் தனியாக வாங்கினால் அப்போது 1,000 டாலர் வரை ஆகும். கணக்குப் பார்த்தால் 599 டாலர் கொள்ளை மலிவு. ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் எச்டி டிவி இல்லை. ப்ளூ-ரே வட்டு தரும் படமும் கன்சோலின் மூளையான செல் ப்ராசஸரின் வேகமும் பழைய டிவி திரையில் தெரியவே தெரியாது. தயாரிப்பவருக்கு எவ்வளவு செலவானது என்பதை வாங்குபவர் ஏன் பார்க்க வேண்டும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம், பெரும்பாலும் இதே கேம்கள் எக்ஸ்பாக்ஸிலும் ஓடுகின்றன, அது 200 டாலர் குறைவு என்பதுதான். இன்னும் ஒரு வேலை பார்த்தாவது இதை வாங்க வேண்டும் என்று மக்களுக்குத் தோன்ற வேண்டும் என்ற பொருளில் பிளேஸ்டேஷனின் தந்தை கென் குதராகி முந்தைய ஆண்டு பேசியிருந்தார். அப்படித் தோன்றியவர்கள் இருந்தார்கள். கடை வாசலில் கூடாரம் போட்டுப் படுத்தவர்கள் அவர்கள். முதல் வாரம் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அவர்கள் போன பிறகு வரிசையில் ஆளில்லை. அந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு 230 பில்லியன் யென்னுக்கு மேல் நட்டம் கண்டது.

வீ வேறு கதை. டிவி ரிமோட் மாதிரி ஒரு வெள்ளைக் குச்சி. பட்டையை மணிக்கட்டில் மாட்டி, கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினால் திரையில் பந்து உருண்டு குச்சிகளைச் சாய்க்கும். பட்டன் விளக்கம் எதுவும் வேண்டாம். முதியோர் இல்லங்களில்கூட பவுலிங் போட்டி நடத்தினார்கள். மூன்றில் மிகப் பலவீனமான சிப் இதில்தான். விற்றது 10.16 கோடி. 2009 செப்டம்பரில் மெலிந்த உடலோடு 299 டாலருக்கு இறங்கிய பிறகே பிளேஸ்டேஷன் 3 மூச்சு வாங்கி ஓடத் தொடங்கி, 8.7 கோடியில் நின்றது.

அதே நின்டெண்டோ 2011இல் சறுக்கியது. கண்ணாடி இல்லாமலே முப்பரிமாணம் காட்டும் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ், மார்ச்சில் 249.99 டாலருக்கு வந்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி விலை 169.99. ஐந்தே மாதத்தில் 80 டாலர் போனது! முதல் நாள் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்தப் பொறுப்புணர்வை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் கன்சோல் வாங்குபவர்கள் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: பொறு, விலை தானாக இறங்கும்.

2013இலும் அந்தப் பாடம் பலித்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், பிளேஸ்டேஷன் 4 399 டாலர். அந்த 100 டாலர், உடல் அசைவைப் படிக்கும் கினெக்ட் கேமராவுக்காக. கேட்காத பொருளைத் தலையில் கட்டினால் யார் வாங்குவார்கள்? அடுத்த ஜூனிலேயே கினெக்டை எடுத்துவிட்டு 399க்கு இறங்க வேண்டியதாயிற்று.

சரி, இன்று? இங்கேதான் பழைய கணக்கு தலைகீழாகிறது. பிளேஸ்டேஷன் 5 வட்டுப் பதிப்பு 2020 நவம்பரில் 499.99 டாலர். ஐந்து ஆண்டு பொறுமையாக இருந்தவருக்கு 2025 ஆகஸ்டில் அது 549.99. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இன்னும் மோசம்: அதே 499.99இல் தொடங்கி 2025 மே மாதம் 599.99, அக்டோபரில் 649.99. முன்பெல்லாம் சிப் ஆண்டுக்கு ஆண்டு சிறிதாகும், செலவு இறங்கும், விலையும் கூடவே இறங்கும். இப்போது புதுத் தலைமுறைச் சிப் தயாரிப்பே பழையதைவிடச் செலவு. அதோடு பணவீக்கம், அப்புறம் அமெரிக்காவின் இறக்குமதி வரி. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது இந்தச் சந்தையில் செல்லுபடியாகவில்லை.

அதனால்தான் 449.99 டாலர் என்று நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 அறிவிக்கப்பட்டபோது எழுந்த கூச்சல், 2025 ஜூன் 5ஆம் தேதி விற்பனையில் எதிரொலிக்கவில்லை. நான்கு நாளில் 35 லட்சம், செப்டம்பர் இறுதிக்குள் 1 கோடிக்கு மேல். முதல் ஸ்விட்ச் 299.99தான். ஆனாலும் வாங்கியவருக்குக் குழப்பமில்லை. பழைய கேம்கள் பெரும்பாலும் இதில் ஓடும், மரியோ கார்ட் வேர்ல்ட் இதில் மட்டும்தான் ஓடும். இன்னொன்று: அமெரிக்கப் பணவீக்கத்தைச் சேர்த்தால் ஸ்டீவ் ரேஸின் அந்த 299 இன்றைக்கு 600 டாலரைத் தாண்டும். பிளேஸ்டேஷன் 3இன் 599 கிட்டத்தட்ட 950. விலை உயர்ந்துவிட்டது என்று புலம்பும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

என்னைக் கேட்டால், முதல் நாளே விளையாட ஒரு கேம் கையில் இருந்தால், வீட்டு டிவி அதைக் காட்டும் என்றால், இன்று முதல் நாள் வாங்குவதில் தவறில்லை. இரண்டில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் பொறுக்கலாம், ஆனால் விலை இறங்கும் என்று நம்பி அல்ல. 2024இல் வட்டு டிரைவ்கூட இல்லாமல் 699.99 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவை, ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விலை எங்கே கடிக்கும் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். யென் மதிப்பு விழுந்து கிடந்த ஜப்பானில் 2025இல் ஸ்விட்ச் 2க்கு இரண்டு விலை வைத்தார்கள். எல்லா மொழிகளும் உள்ளது 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். பெட்டி ஒன்றுதான், 20,000 யென் வித்தியாசம். ஸ்விட்ச் 2 வாங்க அங்கே நின்டெண்டோவின் சொந்த இணையக் கடைக் குலுக்கலில் மட்டும் சுமார் 22 லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சோனியும் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள டிஜிட்டல் பிளேஸ்டேஷன் 5ஐ 55,000 யென்னுக்குக் கொண்டுவந்தது.