காம்ப்யூசெல் 3டி: திசு உருவாக்கத்தைக் கணினியில் மாதிரியாக்கிய நீண்டகால அனுபவம்

செல் உருண்டைகளை அருகருகே அடுக்கினால் அவை எப்படி இணைந்து ஒரே திசுவாகும் என்பதை ஆய்வகத்துக்குப் போகும் முன்பே பார்ப்பதற்காக, காம்ப்யூசெல் 3டி என்ற திறந்தமூல மென்பொருளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இயற்பியலாளர்கள் கிரானரும் கிளேசியரும் 1992இல் முன்வைத்த மாதிரியே இதன் அடித்தளம். ஒவ்வொரு செல்லும் பல பிக்சல்களின் தொகுப்பு. ஒரு பிக்சல் பக்கத்துச் செல்லுக்குக் கைமாறுவதால் மொத்த ஆற்றல் குறைந்தால் அந்த மாற்றம் ஏற்கப்படும், கூடினால் ‘வெப்பநிலை’ எனும் அளவுரு தீர்மானிக்கும் நிகழ்தகவில் மட்டுமே ஏற்கப்படும்.

கலந்து கிடக்கும் இரு வகைச் செல்கள் தாமாகப் பிரிந்து, ஒட்டுதல் மிகுந்தவை உள்ளேயும் மற்றவை வெளியேயும் அமைவதைத் திரையில் பார்ப்பது இன்னும் அலுக்கவில்லை. தொடர்பு ஆற்றலின், அதாவது இரு செல்கள் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கு மாதிரியில் நாம் தரும் ஆற்றலின், எண் சிறிதானால்தான் ஒட்டுதல் வலுவாகும் என்பதைப் புதியவர்கள் முதலிலேயே மனத்தில் இருத்த வேண்டும். வெப்பநிலையை மிகவும் உயர்த்தினால் செல்கள் துண்டு துண்டாகச் சிதறும்; மிகவும் குறைத்தால் உறைந்து நின்றுவிடும். ஆற்றலைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அண்டைப் பிக்சல்களின் வரம்பைக் குறுக்கினால் செல்களின் ஓரங்கள் கட்டத்தின் திசைகளில் செயற்கையாக நேராகும், அழகான படத்தில் இதைக் கவனிக்காமல் விடுவது எளிது.

என் முக்கியமான மனக்குறை அலகுகளைப் பற்றியது. பிக்சல் மாற்ற முயற்சிகளின் ஒரு சுற்றான மாண்டே கார்லோ படியே இதில் கால அலகு; அது நிமிடமும் அன்று, மணியும் அன்று. இரண்டு உருண்டைகள் இணையும்போது அவற்றுக்கிடையே உருவாகும் கழுத்தின் அகலத்தைச் சோதனையில் அளந்து, அதனுடன் பொருத்திய பிறகே காலக்கணக்கு பொருள்படுகிறது. ஆற்றல் எண்களுக்கும் அதே நிலைதான் என்பதால், தாங்குசட்டத்தின் (செல்கள் ஒட்டி வளரும் ஆதாரப் பொருளின்) விறைப்பு செல்களை எப்படி மாற்றும் என்ற கேள்விக்கு இதிலிருந்து நேரடி விடையை எதிர்பார்க்கக் கூடாது.

இரத்த நாளத்திலிருந்து ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் போதாமல் போவதால், தடித்த திசுவுக்கு ஆக்சிஜன் பரவும் கணக்கைச் சேர்த்தே ஆக வேண்டும். செல்களின் நகர்வைவிட ஆக்சிஜன் மிக வேகமாகப் பரவுவதால், காலத்தில் சிறு சிறு அடிகளாக முன்னேறிக் கணக்கிடும் வெளிப்படை (explicit) முறையில் ஒவ்வொரு படிக்கும் பல உட்படிகள் தேவைப்பட்டுக் கணிப்பு ஊர்ந்து செல்லும். பரவல் சமநிலையை எட்டியபின் உள்ள அளவை நேரடியாகக் கணக்கிடும் நிலைத்த நிலைத் தீர்வியைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சுமை பெருமளவு குறைகிறது.

செல்லின் வடிவம் முக்கியமில்லாமல், லட்சக்கணக்கான செல்களின் போக்கு மட்டுமே வேண்டுமெனில் பிசிசெல் (PhysiCell) என்ற மற்றொரு மென்பொருள் மேல். ஆனால் அதற்கு சி++ எழுதத் தயங்கக் கூடாது. வடிவமே கேள்வியாக இருந்தால், பைத்தான் தெரிந்தவருக்கு நான் காம்ப்யூசெல்லையே பரிந்துரைப்பேன்.