பழைய கூச்சி கைப்பைக்குப் புது உட்துணி: பெரியமேட்டுக் கடை ஒன்றின் வேலை எப்படி?

பல ஆண்டுகள் பீரோவிலேயே கிடந்த வெளிநாட்டுக் கைப்பையை வெளியே எடுத்தால் கண் முதலில் போவது தோலின் கீறல்களுக்குத்தான். ஆனால் பெரிய சேதம் பெரும்பாலும் உள்ளேதான் நடந்திருக்கும். 1980களில் வந்த கூச்சி (Gucci) என்ற இத்தாலிய நிறுவனத்தின் பைகள் பலவற்றின் உட்புறத்தில் பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் பூச்சு கொண்ட, பார்வைக்கு ரெக்சின் போலிருக்கும் துணியைத் தைத்திருப்பார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடுவதால் அது முதலில் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உதிரத் தொடங்கும். பெரியம்மாவிடமிருந்து எனக்கு வந்த பை, கடலோர ராயபுரத்தின் புழுக்கத்தில் இரண்டு நிலைகளையும் ஒருசேர எட்டியிருந்தது: கையை உள்ளே விட்டால் விரலில் தார் போல ஒட்டும், பைக்குள் வைத்த பத்து ரூபாய்த் தாள் கறுப்புத் துகள்களோடுதான் வெளியே வரும். டால்கம் பவுடர் தூவினால் ஓரிரு வாரம் அடங்கும், அவ்வளவே. சிதைந்த பூச்சை மீட்க வழியில்லை என்பதால், உட்துணியை முழுவதும் பிரித்தெடுத்துவிட்டு வேறு தைப்பதொன்றே நிலையான தீர்வு.

இதற்காக நான் சென்றது சென்னை பெரியமேட்டில், சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய சந்து ஒன்றிலுள்ள சிறிய பழுதுபார்ப்புக் கடை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் கைமாறும் இடம் பெரியமேடு என்பதால், அங்குள்ள கைவினைஞர்களுக்குத் தோலைத் தடவிப் பார்த்தே அதன் தரமும் பதனிட்ட விதமும் பிடிபட்டுவிடுகின்றன. கடைக்காரப் பாய் பையை வாங்கியதும் விலை சொல்லவில்லை. வாய் ஓரத்துத் தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார், கைப்பிடியின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து நிறம் ஒட்டுகிறதா என்று சோதித்தார், அதன் பிறகே பேச்சைத் தொடங்கினார்.

இந்தக் கடையின் உண்மையான திறமை உட்துணி வேலையில்தான் தெரிகிறது. பழைய துணியைக் கிழித்து எடுக்காமல் ஒவ்வொரு தையலாக அறுத்து, அதையே அளவாக வைத்துக் காகிதத்தில் வெட்டு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தோலின் உட்பக்கத்தில் அப்பியிருந்த பிசினை மொண்ணைக் கத்தியால் பொறுமையாகச் சுரண்டி நீக்கினார்கள். புதிய துணியைப் பையின் வாயோடு இணைக்கும்போது, மிஷினில் ஓட்டாமல், பழைய ஊசித் துளைகளின் வழியாகவே மெழுகிட்ட நூலைக் கோத்துக் கையால் தைத்ததுதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. துணியில் தவறான இடத்தில் குத்திய துளை நாளடைவில் மூடிக்கொள்ளும், தோலில் அது மூடாது. பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே புதிய வரிசை விழுந்தால் அந்த ஓரம் வலுவிழந்து ஒருநாள் கிழிந்துவிடும். உள்ளே தைத்திருந்த, இரண்டு வரிசை எண்கள் அச்சிட்ட சிறு தோல் பட்டையை அதே இடத்தில் திரும்பப் பொருத்தியதோடு, பழைய உட்துணியையும் உறையில் போட்டு என்னிடமே கொடுத்தார்கள். பை அசல்தானா என்று பார்ப்பவர்கள் இவற்றையும் பார்ப்பார்கள் என்பதால், பழைய பைகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

உட்புறத்துக்கு மூன்று வகைத் துணிகளைக் காட்டினார்கள். மலிவானது மறுபடியும் பூச்சிட்ட செயற்கைத் துணி. அதே நோய் திரும்ப வரும் என்பதால் யாரும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மெல்லிய ஆட்டுத்தோல் ஸ்வேட் (மேற்பரப்பு வெல்வெட் போல மென்மையாக இருக்கும் தோல்) பார்க்க அழகு, ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் பூஞ்சைக்கு எளிதில் இரையாகும். நான் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியைத் தேர்ந்தெடுத்தேன். பையின் அசல் உட்துணியோடு ஒத்துப்போகாது என்றாலும், தினமும் தோளில் மாட்டும் பைக்கு அதுவே பொருத்தம்.

தோல் வேலையில் என் திருப்தி சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது நம் வீடுகளில் வழக்கம். அது தோலுக்குள் இறங்கிக் கறுக்கச் செய்வதோடு, மேலே தரும் நிறத்தையும் பிடிக்கவிடாது. கடையில் முதலில் அந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினார்கள், வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பழுப்பு நிறத்தை ஒத்துப் பார்த்தார்கள், கூச்சியின் அடையாளமான பச்சை சிவப்புப் பட்டையில் ஒரு துளியும் படாமல் டேப் ஒட்டி மறைத்தார்கள். இவையெல்லாம் சரிதான். ஆனால் கீழ் மூலைகள் நான்கிலும் நிறம் ஒரு பூச்சு அதிகம். கன்றுத்தோலின் நுண்ணிய துளைகள் அங்கே மறைந்து, பிளாஸ்டிக் தோற்றம் லேசாக எட்டிப்பார்க்கிறது. தேய்மானம் கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மடிப்பில் இருந்த வெடிப்பை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். இழை அறுந்த தோல் மறுபடி சேராது, ஆகவே வெடிப்பின் தடம் உற்றுப் பார்த்தால் தெரியும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

கொக்கியை மெருகேற்றித் தரச் சொன்னபோது பாய் மறுத்துவிட்டார். “தேச்சா கில்ட் (பொன் முலாம்) போயிடும்மா, உள்ளே இருக்கிற பித்தளை தெரியும். இப்படியே இருக்கட்டும்” என்றார். அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

உட்துணிக்கு 3,500 ரூபாயும் தோல் வேலைக்கு 2,000 ரூபாயும் கொடுத்தேன். சொன்ன தேதியில் பை தயாராகவில்லை, தொலைபேசியிலும் தகவல் இல்லை. ரசீதில் “லேடீஸ் பேக் 1” என்று மட்டுமே எழுதித் தருகிறார்கள். விலை உயர்ந்த பொருளை ஒப்படைக்கும் இடத்தில் இது போதாது. பையின் நான்கு பக்கத்தையும் எண் பட்டையையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிடுவார்கள். விற்கும் எண்ணத்தோடு பையை வைத்திருப்பவர்கள், மூல உட்துணி போன பைக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள் என்பதையும் கணக்கில் கொண்டு, முதலில் தோலைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.