எட்டு மாதம் ஏஐ ஏஜென்ட்டோடு: எதை ஒப்படைக்கிறேன், எதை ஒப்படைப்பதில்லை

மும்பை செம்பூரில் வீடு, சொந்த ஊர் திருநெல்வேலி. மாதச் சந்தா கட்டி ஒரு ஏஐ ஏஜென்ட்டை, அதாவது நமக்குப் பதிலாகத் தானே இணையப் பக்கங்களைத் திறந்து வேலை செய்யும் மென்பொருளை, வாங்கியதே ரயில் டிக்கெட்டுக்காகத்தான். சொன்னால் போதும், எல்லாவற்றையும் அதுவே முடித்துவிடும் என்றது விளம்பரம்.

எந்த நாளில் எந்த வண்டியில் இடம் இருக்கிறது என்று நன்றாகவே பார்த்துச் சொன்னது. ஐஆர்சிடிசிக்குள் நுழையும்போது, மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா வந்ததும் நின்று என்னைக் கூப்பிட்டது. தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்து ஆதார் ஓடிபி வேறு வேண்டும். ஏஜென்ட்டோ ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, படித்து, யோசித்து, அப்புறம்தான் ஒரு கிளிக் செய்கிறது. காலை 10 மணித் தட்கலுக்கு அந்த வேகம் ஆகாது.

ஆனால் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டபோது அதன் அருமை தெரிந்தது. 31 பில்லையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். தேதி, தொகை, கடை என்று பட்டியல் போட்டுத் தந்தது. ஒரே சொட்டு மருந்து பில்லை நான் இரண்டு தடவை எடுத்திருந்ததைக் கண்டுபிடித்தது. ஆபரேஷனுக்கு முந்தைய 30 நாள் செலவும் கிடைக்கும் என்று பாலிசியில் இருந்த பக்கத்தைக் காட்டி, நான் விட்டுவிட்ட ரத்தப் பரிசோதனை பில்லையும் சேர்க்கச் சொன்னது. கையால் எழுதின ஒரு பில்லில் மட்டும் 1,180-ஐ 1,780 என்று படித்துவிட்டது. எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துத்தான் அனுப்பினேன். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக மிச்சம். பணமும் வந்துவிட்டது.

மளிகையில் பட்டேன். இட்லி அரிசி கேட்டேன், 10 கிலோ சோனா மசூரி வந்து இறங்கியது. ஆப்பின் வாலட்டில் பணம் இருந்ததால் ஓடிபி கூடக் கேட்கவில்லை. பையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அன்றைக்கே வாலட்டைக் காலி செய்தேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இணையப் பக்கத்தில் யாரோ ஒளித்துவைத்த வரியையும் ஏஜென்ட் நம் உத்தரவு என்றே எடுத்துக்கொள்ளலாம். பெர்பிளெக்சிட்டி என்ற ஏஐ நிறுவனத்தின் காமெட் பிரவுசருக்குள்ளேயே ஒரு ஏஜென்ட் உண்டு; அதில் இதை 2025 ஆகஸ்டில், இன்னொரு பிரவுசர் நிறுவனமான பிரேவ் செய்தே காட்டியது. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் பக்கம் ஒன்றைச் சுருக்கித் தரச் சொன்னால், காமெட் அங்கே ஒரு பின்னூட்டத்தில் மறைந்திருந்த வரியைக் கேட்டு, மெயிலுக்குள் போய் ஓடிபியை எடுத்துக் கொடுத்துவிட்டது. அதைப் படித்ததும் ஏஜென்ட்டுக்கென்று தனி பிரவுசர் வைத்துவிட்டேன். அதில் மெயிலும் கிடையாது, பேங்கும் கிடையாது.

அம்மாவுக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஃபோல்டரை இப்போதே திறந்துவைத்துவிட்டேன்.