நான்கு வருடம், மூன்று கூண்டு: எங்கள் காக்டெயில் கிளிக்கு எது ஒத்துவந்தது

சுப்பு காலையில் எழுந்ததும் முதலில் அலகால் கம்பியைக் கவ்வுவான். பிறகுதான் கால் வரும். அலகு, கால், அலகு, கால் என்று கூரைவரை ஏறி, அங்கே கொஞ்ச நேரம் தலைகீழாகத் தொங்கிவிட்டுத்தான் தீனிக் கிண்ணத்துக்கு இறங்குவான். கிளி வகைகள் எல்லாமே இப்படித்தான், அலகுதான் அவற்றுக்கு மூன்றாவது கால். அவன் அலகு படாத கம்பி எங்கள் கூண்டில் ஒன்றுகூட இருக்காது. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் முதல் கூண்டை நான் வாங்கியிருக்கவே மாட்டேன். அவனும் அந்த ஐந்து நாள் ஊசி வலியைப் பட்டிருக்க மாட்டான்.

சுப்பு ஒரு காக்டெயில். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, எடை 94 கிராம். 2021 ஆகஸ்டில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தபோது வந்தான். கூண்டு பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் பச்சைக்கிளிக்காகத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பச்சைக்கிளியும், தோளில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய பச்சைக்கிளியும் நம் காட்டுப் பறவைகள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் அடைத்து வளர்ப்பது குற்றம். எவ்வளவு பெரிய கூண்டாக இருந்தாலும் அது மாறாது. யாராவது கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். இறகு வெட்டிய கிளியைப் பாவம் பார்த்து மொட்டைமாடியில் பறக்கவிடாதீர்கள், காக்கை அதை உயிரோடு விடாது. காக்டெயில், பட்ஜி போன்றவை வெளிநாட்டுப் பறவைகள், தடையில்லை. கன்யூர் கிளி, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

முதல் கூண்டு உருண்டை. மேலே கோபுரம் மாதிரிக் குவிந்து, உச்சியில் மாட்ட ஒரு வளையம். பறவை வாங்கிய கடையிலேயே 1,100 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பளபளவென்று வெள்ளியாட்டம் இருந்தது, பார்க்க அழகு. அந்த வடிவத்தில் இரண்டு கேடு. காக்டெயில் மேலும் கீழுமாகப் பறக்காது, பக்கவாட்டில்தான் பறக்கும். 14 அங்குல வட்டத்துக்குள் இறக்கையை விரித்தாலே கம்பியில் இடிக்கும். அடுத்தது அந்தக் குவிந்த உச்சி. கீழே அரை அங்குலம் இருக்கும் இடைவெளி மேலே போகப்போக ஒடுங்கி, ஒரு புள்ளியில் சேர்ந்துவிடும். மூன்றாவது வாரம் ஒரு மதியம் கிறீச்சென்று கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் உச்சி இடுக்கில் ஒரு விரல் மாட்டி, முழு எடையும் அந்த விரலில் தொங்கிக்கொண்டிருந்தான். என் மகள் கையால் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் கம்பியைக் குறட்டால் விரித்து எடுத்தேன். வீட்டில் ஆள் இல்லாத நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அப்போதே மாற்றியிருக்க வேண்டும். உச்சியில் துணி கட்டி மூடிவிட்டு அதையே தொடர்ந்தோம். டிசம்பர் கடைசியில் சுப்பு மந்தமானான். இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான், தின்றதைக் கக்கினான், எச்சம் தண்ணீராகவும் கரும்பச்சையாகவும் போனது. சமையலறைத் தராசில் வைத்தால் 79 கிராம். குளிர் என்று நினைத்து பல்பு போட்டு இரண்டு நாளை வீணாக்கினேன். பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். கோழியில் கற்குடல் என்போமே, அந்த இடத்தில் மிளகை உடைத்துப் போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அவர் கேட்ட முதல் கேள்வி, "கூண்டு என்ன கம்பிம்மா?"

ஜி.ஐ. கம்பி. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூசுகிற துத்தநாகம்தான் அந்த வெள்ளிப் பளபளப்பு. கம்பிகள் சேரும் முடிச்சுகளில் அந்தப் பூச்சு சொட்டுச்சொட்டாக உறைந்து நிற்கும். கிளிக்கு அது விளையாட்டுச் சாமான். கடித்துப் பெயர்த்து விழுங்கிவிடும். வயிற்று அமிலத்தில் கரைந்து துத்தநாகம் ரத்தத்தில் ஏறும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும். உடம்பிலிருந்து உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி காலையும் மாலையும் ஐந்து நாள் போட்டார்கள். பழைய எடைக்கு வர ஆறு வாரம் ஆனது. புது ஜி.ஐ. கூண்டை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். உதிரும் தூள் அதில் குறையும் என்பது உண்மை. ஆனால் கீழே இருக்கும் பூச்சு அப்படியேதான் இருக்கும், அதைக் கடிக்கும் அலகும் அப்படியேதான் இருக்கும். கோழிக்கு, புறாவுக்கு ஜி.ஐ. வலை ஓடிவிடுகிறது என்றால் அவை கம்பியைக் கடிப்பதில்லை. கிளிக்கு வேண்டாம்.

2022 ஜனவரியில் வாங்கிய இரண்டாவது கூண்டு சதுரம். 18 அங்குல அகலமும் ஆழமும், 24 அங்குல உயரம், பவுடர் கோட்டிங் பெயிண்ட், விலை 3,800. இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை, இரண்டு வருடம் நன்றாகவே உழைத்தது. கம்பி இடைவெளி அரை அங்குலம். காக்டெயிலின் தலை அதில் நுழையாது. கன்யூருக்கு முக்கால் அங்குலம் இருக்கலாம், சாம்பல் கிளிக்கு ஒரு அங்குலம்வரை போகலாம். கடையில் பெரிய கூண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று சின்னப் பறவைக்கு அகல இடைவெளிக் கூண்டை வாங்கிவிடாதீர்கள். தலை வெளியே போகும், திரும்ப வராது. பக்கங்களில் கம்பி குறுக்காக ஓட வேண்டும், ஏணி மாதிரி. எல்லாமே நெட்டுக்குத்தாக இருந்தால் ஏற முடியாமல் சறுக்கிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கூண்டின் ஒரே குறை கதவு. மேலே தூக்கித் திறக்கும் வகை. நான்கே மாதத்தில் சுப்பு அதை அலகால் தூக்கக் கற்றுக்கொண்டான். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் கூண்டு காலி, அவன் சீலிங் ஃபேன் இறக்கை மேல் உட்கார்ந்திருக்கிறான். நல்லவேளை, அன்று வீட்டில் ஃபேன் போட யாரும் இல்லை. பாதி தூக்கும்போது நழுவினால் அதே கதவு கழுத்தில் விழும். அன்றிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் சாவிக்கொத்துக் கொக்கி போட்டேன். தீனிக் கிண்ணத்தை மாற்றும் சின்னக் கதவுகளுக்கும்தான், ஏனென்றால் பெரிய கதவைப் பூட்டியதும் அவன் அடுத்துத் தேடியது அதைத்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் எனக்கு இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தது. இரவு கரண்ட் போய்க் கும்மிருட்டு. காற்றில் ஜன்னல் அறைந்ததும் சுப்பு கூண்டுக்குள் தாறுமாறாக அடித்துக்கொண்டான். காக்டெயிலுக்கு இந்த இரவுப் பயம் அதிகம், வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இருட்டில் எது எங்கே என்று தெரியாமல் கம்பியில் மோதி, புதிதாக முளைத்த இறகு ஒன்று ஒடிந்துவிட்டது. முளைக்கும் இறகின் குழலில் ரத்தம் ஓடும், ஒடிந்தால் குழாய் மாதிரி ஒழுகும். சோளமாவை வைத்து அழுத்திப் பிடித்து நிறுத்தினோம். இப்போது கூண்டுப் பக்கத்தில் சார்ஜில் ஓடும் சின்ன விளக்கு இரவெல்லாம் எரிகிறது. மறுநாள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு இறங்க வழியில்லை. துணிக்கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, தலையில் வைத்துத்தான் அக்கா வீட்டு மாடிக்குப் போனோம். வீட்டுக் கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு கையில் தூக்கும் பயணக் கூண்டு ஒன்று தனியாக வேண்டும். அதை அவ்வப்போது வெளியே வைத்து, உள்ளே தினை போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் உள்ளே போக மறுக்கும்.

புயலுக்குப் பிறகு கொட்டிவாக்கத்தில் மூன்றாவது மாடிக்கு மாறினோம். பால்கனியில் நின்றால் கடல் தெரியும். எட்டே மாதத்தில் உப்புக்காற்று கூண்டைத் தின்றுவிட்டது. மூலைகளில் பெயிண்ட் கொப்பளித்து, தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. சுப்புவும் அதைக் கண்டுபிடித்து உரிக்க ஆரம்பித்தான். கீழே என்ன பூச்சு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கற்குடல் எக்ஸ்ரேயைப் பார்த்தவள் காத்திருந்து பார்க்கத் துணிய மாட்டாள். அன்றே பயணக் கூண்டுக்கு மாற்றிவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

"பறவைக் கூண்டுதானம்மா, ஜி.ஐ. வலை போட்டுத் தரேன், நாலாயிரத்துல முடிஞ்சிரும்" என்றார் பட்டறைக்காரர்.

"இல்லண்ணே, அவன் கம்பியைக் கடிப்பான். முழுக்க எஸ்.எஸ்., த்ரீ நாட் ஃபோர்தான் வேணும்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எக்ஸ்ரே கதையைச் சொன்னதும் அவரே கூர்ந்து கேட்டு, இடைவெளியைத் தன் ஸ்கேலால் அளந்து காட்டச் சொன்னார். காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பலர் சொல்கிறார்கள், அதை நம்பாதீர்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் அநேகமாக ஒட்டாது, ஆனால் கடலோரத்தில் அது சீக்கிரம் துருவேறும். பட்டறைக்காரர் என் கண்முன்னே கம்பியில் ஒரு சொட்டு பரிசோதனைத் திரவம் விட்டு பேட்டரியை வைத்தார். 202 துண்டில் சிவந்தது, 304 துண்டில் சிவக்கவில்லை. 3 மில்லிமீட்டர் கம்பி, 12 மில்லிமீட்டர் இடைவெளி, 30 அங்குல அகலம், 20 ஆழம், 36 உயரம். ஆர்கான் வெல்டிங், பக்கவாட்டில் திறக்கும் கதவு, கீழே இழுக்கும் தட்டு, அதற்கு மேல் சல்லடை. மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். கூலியோடு 19,500 ரூபாய். எடை கிட்டத்தட்ட 20 கிலோ.

கொண்டுவந்த அன்றே பறவையை உள்ளே விடவில்லை. பழைய நைலான் துப்பட்டா ஒன்றை எடுத்து ஒவ்வொரு கம்பி மேலும் இழுத்துப் பார்த்தேன். வெல்டிங் பிசிறு இருந்தால் துணி மாட்டும். பதினோரு இடத்தில் மாட்டியது. பட்டறைப் பையன் வந்து அரம் போட்டு, பஃபிங் செய்து கொடுத்துவிட்டுப் போனான். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சில வெல்டிங் புள்ளிகளில் டீக்கறை மாதிரி லேசான பழுப்பு வந்தது. கடல் பக்கம் 304-க்கே இது வரும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடுகிறது. சுப்புவின் எடையை ஞாயிறுதோறும் காலண்டரில் குறிக்கிறேன், 92-க்குக் கீழே போகவில்லை.

கூண்டோடு வரும் வழவழப்பான உருளைக் கட்டையை முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஒரே தடிமனில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வரும். எங்கள் கூண்டில் கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும்தான். பூச்சிமருந்து அடிக்காத மரம், விரல் தடிமனும் அதற்கு மேலுமாக, வளைந்து நெளிந்து. அரளி மட்டும் கூடவே கூடாது, அது விஷம்.

எறும்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் ஊரில் கூண்டுக்கு முதல் எதிரி அதுதான். தினை சிந்திய அரை மணி நேரத்தில் வரிசை கட்டிவிடும். எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள், அது பறவைக்கும் விஷம். எங்கள் பாட்டி பலகாரப் பானைக்குச் செய்த வேலையையே நானும் செய்கிறேன். ஸ்டாண்டின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன. கொசு முட்டையிடாமல் இருக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இடம் ஹாலில், ஒரு பக்கம் சுவர் வருமாறு, என் மார்பு உயரத்தில். நான்கு பக்கமும் திறந்திருந்தால் அவனுக்கு நிம்மதி இருக்காது. சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் மறந்துபோய் மிதமிஞ்சிச் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, கிளி சில நிமிடங்களில் செத்துவிழும். எங்கள் வீட்டில் நான்ஸ்டிக் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இரும்புக்கல்லுக்கே திரும்பிவிட்டோம். சாம்பிராணி வெள்ளிக்கிழமை பால்கனிக் கதவுக்கு வெளியே, கொசுவர்த்தி அறவே கிடையாது. இரவில் கூண்டு மேல் கொசுவலை.

இந்தக் கூண்டில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, கதவை நான் 8 அங்குலச் சதுரமாகச் சொன்னது. கையில் உட்கார்ந்து வெளியே வரும்போது சுப்பு கொண்டையைத் தாழ்த்திக் குனிகிறான். கொய்யாக் கிளை மாற்றும்போதும் இடிக்கிறது. பொங்கலுக்குப் பிறகு அதே முகப்பில் 12 அங்குலக் கதவு வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த வேலை நடக்கும் இரண்டு நாளும் சுப்பு பயணக் கூண்டில் இருக்க வேண்டும் என்பதால், இப்போதே தினமும் ஒரு மணி நேரம் அதற்குள் தினைக்கதிர் கட்டி வைத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.