கவுன்சிலர், கிராம சபை, மனு: காவல் நிலையத்தைக் கேள்வி கேட்க எந்த வழி உதவும்?

ஒரு பெண்ணுக்குத் தெருவில் இரண்டு வகைத் தலைவலி இருக்கும். தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது, விளக்கு எரியவில்லை என்பது ஒன்று. முக்கில் டாஸ்மாக், இரவில் தொந்தரவு, புகார் கொடுக்கப் போனால் 'நாளைக்கு வாம்மா' என்று திருப்பி அனுப்பும் காவல் நிலையம் என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். இரண்டாவதற்கும் அதையேதான் சொல்கிறார்கள். 'நீங்க அதிகாரத்துக்கு வந்தா போலீஸ் தானா மரியாதை குடுக்கும்' என்பது வாதம். மரியாதை கிடைக்கலாம். அந்தக் காவல் நிலையம் உங்களுக்குப் பதில் சொல்லுமா என்பது வேறு கேள்வி. அதை வைத்துத்தான் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தேர்தலில் நிற்பது

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் மட்டும்தான் பெண் நிற்க முடியும் என்று நினைக்கிறார்கள். பொது வார்டிலும் தாராளமாக நிற்கலாம். 21 வயது நிறைந்து, அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை கிராமமும் நகரமும் ஒன்றல்ல. 2019 ஊரகத் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், தலைவருக்கு 600. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு வரம்பு உறுப்பினருக்கு 9,000, தலைவருக்கு 34,000. வரம்புக்குள் யார் செலவு செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் இந்த இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது என்பது பெரிய விஷயம். சுய உதவிக் குழுவில் நாலு பேர் நம்பும் பெண், கட்சிக்காரர் யாரையும் கேட்காமல் மனுத்தாக்கல் செய்துவிடலாம்.

நகரத்தில் அப்படி இல்லை. 2022 பிப்ரவரியில் மாநகராட்சி கவுன்சிலருக்கு வைப்புத்தொகை 4,000. பணம் கூடப் பரவாயில்லை, சீட்டு வாங்குவதுதான் பாடு. சென்னையின் 200 வார்டுகளில் சுயேச்சையாக வென்றவர்கள் ஐந்தே பேர். மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு சென்னையின் மூன்றாவது பெண் மேயராக 28 வயது பிரியா ராஜன் வந்தது நல்ல செய்திதான். அதுவும் கட்சி எடுத்த முடிவு.

கிராமத்தில் உண்மையான அதிகாரம் தலைவர் பதவியில் இருக்கிறது. திட்டம், பணி, கணக்கு எல்லாம் அங்கேதான். ஆனால் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் மக்கள் ஓட்டில் வருகிறார், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீட்டில் வந்த தலித் பெண் தலைவரும், ஊரின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்த துணைத் தலைவரும் இருக்கும் ஊராட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டாவது கையெழுத்து வராமல் போனால் குழாய் ரிப்பேருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020-இல் வெளிவந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார். இரண்டு பேரும் தேர்தலில் முறையாக வென்ற பெண்கள்.

'தலைவர் வீட்டுக்காரர்' என்று ஒருவர் பைக்கில் வந்து எல்லாம் பார்ப்பதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் நிறைய. ஆண் தலைவரைக் கான்ட்ராக்டர் இயக்குவதை மட்டும் யாரும் ஜோக்காகச் சொல்வதில்லை.

இந்தப் பதவிகளுக்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதி 1997 ஏப்ரலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தவர்களின் பிழைப்பில் கை வைத்ததுதான் காரணம். தண்ணீர் விஷயத்தில் ஒரு கவுன்சிலரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி. முதல் வகைத் தலைவலிக்குத் தேர்தல் நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும், 12-ஆம் அட்டவணை நகராட்சிகளுக்கு 18 பொருள்களையும் பட்டியல் போடுகின்றன. சுடுகாடு இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, காவல் நிலையம் இல்லை. ஆகவே கவுன்சிலரிடம் இருப்பது போன் மட்டும்தான். அடித்த புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிக்கச் சொல்லவும், பிடித்து வைத்த பையனை விடச் சொல்லவும் அது உதவும். ஆளுங்கட்சிக் கவுன்சிலர் என்றால் இன்னும் நன்றாக உதவும். அதற்குப் பெயர் செல்வாக்கு. இன்ஸ்பெக்டர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டிய நிலை அதில் எங்கேயும் வராது. எதிர்க்கட்சிக்காரருக்கு ஓட்டுப் போட்ட தெருவுக்கு அந்த போன் போகவும் போகாது.

கிராம சபையும் பகுதி சபையும்

இதற்கு வைப்புத்தொகை இல்லை, சின்னம் இல்லை, வாக்காளராக இருந்தால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். நகரங்களில் 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. ஆனால் பகுதி சபையைக் கிராம சபையோடு ஒப்பிட முடியாது. வரவு செலவைக் கேட்கும் பலமும் பழக்கமும் கிராம சபைக்கே உண்டு.

கிராம சபையில் கவனிக்க வேண்டியது மைக்கில் யார் பேசுகிறார் என்பதல்ல, தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான். மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வரை கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, தேவை. அதை நிரப்ப நூறு நாள் வேலைப் பெண்களை அழைத்து வந்து முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவது ஊர் ஊராக நடப்பது. தீர்மானம் அப்புறம் எழுதப்படும். கூட்டம் முடிவதற்குள் உங்கள் தீர்மானத்தை எழுத வைத்து, வாசிக்கச் சொல்லி, பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைய தினம் இதைவிடப் பயனுள்ள வேலை வேறு இல்லை.

போலீசைப் பொறுத்தவரை சபையால் நேரடியாக ஒன்றும் ஆகாது. ஆனால் மறைமுகமாக உண்டு. 2017-இல் நெடுஞ்சாலைக் கடைகள் மூடப்பட்டு, டாஸ்மாக் ஊருக்குள் நுழைந்தபோது மறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பல ஊர்களில் அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் சபைத் தீர்மானம். அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணைக் கூடுதல் கண்காணிப்பாளர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார். கேமராவில் பதிவாகி நாடே பார்த்தது. அந்த அதிகாரி பின்னர் எஸ்.பி. ஆனார். கூட்டமாக நின்றால் கடையைத் தடுக்கலாம். அறைந்த கைக்குக் கணக்குக் கேட்க வேறு வழிதான் வேண்டும்.

மனு போடுவது

பலரும் இந்த வழியை அலட்சியமாகப் பார்க்கிறார்கள். மூன்றில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

அடிமட்டத்திலிருந்து தொடங்கலாம். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. ஆனால் இன்ன தேதியில் இவர் வந்தார் என்பதற்கு ஆதாரம். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவுப்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அதற்கு பிரமாணப் பத்திரம் வேண்டும், வக்கீல் இருந்தால் நல்லது. வக்கீல் செலவு பயமுறுத்தினால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும்.

இவை உங்கள் வழக்கை நகர்த்தும் வழிகள். காவலரின் நடத்தையையே கேள்வி கேட்க இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான்.

ஒன்று காவல் புகார் ஆணையம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என அமைக்கச் சொன்னது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்பது உத்தரவு. கேரளா 2011 காவல் சட்டத்தில் ஏறத்தாழ அப்படியே செய்தது. தமிழ்நாடு 2013-இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்து, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். இன்ஸ்பெக்டர் மேல் புகார் கொடுத்தால் அவருடைய மேலதிகாரி விசாரணை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். மாமியார் மேல் உள்ள புகாரை மாமனாரிடம் சொல்கிற கதைதான்.

மற்றொன்று 1997 முதல் இயங்கும் மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் இல்லை, தமிழில் வெள்ளைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும், தேதியைத் தவறவிட்டால் கதவு மூடிவிடும். காவலர் தரப்புக்கு சம்மன் போகும், சாட்சி விசாரணை நடக்கும். இழப்பீடு பரிந்துரைத்தால் அரசு கொடுத்துவிட்டு அந்தத் தொகையைக் காவலரின் சம்பளத்தில் பிடிப்பது வழக்கம். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. காலதாமதம் ஆகும், அது உண்மை. ஆனாலும் புகார் ஆணையமா மனித உரிமை ஆணையமா என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மகளிர் காவல் நிலையம் இருக்கிறதே என்பார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் தொடங்கியதிலிருந்து அது பெண்களுக்குப் புகார் கொடுக்கும் கூச்சத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் அதுவும் அதே துறைதான். 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்ட இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். அந்தத் துணிச்சலுக்கு ஈடில்லை. அதற்கும் விசாரிக்க ஒரு மாஜிஸ்திரேட் வெளியிலிருந்து நிலையத்துக்குள் வர வேண்டியிருந்தது. அந்த நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும், தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததையும் அந்த மாஜிஸ்திரேட்தான் பதிவு செய்தார்.

யாரும் பேசாத ஒரு நாற்காலி

அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காவலில் பலத்த காயம் ஏற்பட்டால் மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவை வரவழைக்கலாம். மனுவில் இன்ன தேதி, இன்ன மணிப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதை மறக்க வேண்டாம்.

இதைக் கண்காணிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு. அதில் ஆட்சியர், எஸ்.பி.யோடு மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவர் ஒருவரும் இருக்க வேண்டும். மாநிலக் குழுவில் மகளிர் ஆணையத் தலைவர் அல்லது உறுப்பினர் ஒருவருக்கு இடம் உண்டு. உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் காவல் நிலையத்தைக் கேள்வி கேட்கும் இடம் எங்கே என்று தேடினால், எனக்குக் கிடைத்தது இந்த ஒரு நாற்காலிதான். 2022-இல் தமிழ்நாட்டின் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. வார்டு வார்டாகக் குப்பை லாரியைப் பார்வையிடும் மேயர்களின் படங்கள் நிறைய வருகின்றன, இந்தக் குழுக் கூட்டத்தின் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஊரகத்தில் இன்னும் மோசம். 28 மாவட்டங்களில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் நடக்கும் வரை அங்கே மாவட்ட ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருக்கவே மாட்டார்.

ஆகவே என் வரிசை இப்படி: தண்ணீர், சாக்கடை, விளக்குக்குக் கிராமத்தில் என்றால் தேர்தலில் நில்லுங்கள், முடிந்தால் தலைவர் பதவிக்கே. நகரத்தில் சுயேச்சையாக நிற்க நினைத்தால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். போலீசுக்கு சி.எஸ்.ஆர்., மாஜிஸ்திரேட், மனித உரிமை ஆணையம். இது எதற்கும் நேரமில்லை என்பவருக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டு கேள்வி எழுதுங்கள். நம் மாவட்டத்தின் சி.சி.டி.வி. கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது? அதில் கலந்துகொண்ட மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவர் யார்? 30 நாளில் பதில் தர வேண்டும்.